கிளவுடில் அழித்த கோப்பை எங்கே தேடுவது, எத்தனை நாளுக்குள் தேடுவது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது. மூன்று ஆண்டுகளாக எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகள் இருந்த ஃபோல்டரை, "அதுதான் கூகுள் டிரைவில் இருக்கிறதே" என்ற நம்பிக்கையில் லேப்டாப்பிலிருந்து அழித்தீர்கள். அன்றே டிரைவிலும் இடம் நிறைந்துவிட்டதாக அறிவிப்பு வரவே, உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் அதன் குப்பைத்தொட்டியையும் காலி செய்தீர்கள். 12 நாள் கழித்து ஒரு பதிவைக் கேட்கலாம் என்று திறந்தால் ஃபோல்டரே இல்லை. அழிந்ததை மீட்க எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். கணக்கு உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கு என்றும், சில பதிவுகளைத் தோழி ஒருவர் கேட்டு எழுத்தாக்கித் தந்தார் என்றும் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது.

மென்பொருள் எதையும் இப்போது வாங்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, "நிரந்தரமாக அழிக்கப்பட்டது என்று திரை சொல்கிறதே, என் கோப்பின் பிரதி இன்னும் எங்காவது, யாரிடமாவது இருக்குமா?" என்பதுதான். ஓர் அலுவலகத்தின் சேமிப்பகத்தையும் பேக்அப்பையும் 16 ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். "எல்லாம் போய்விட்டது" என்று பதறி வந்தவர்களில் பலருக்குக் கோப்பு திரும்பக் கிடைத்திருக்கிறது. ஆனால் அவர்கள் தேடிக்கொண்டிருந்த இடத்தில் கிடைக்கவில்லை. கிளவுட் மீட்பு என்பது வட்டைத் துழாவும் வேலை அல்ல. பிரதி யார் கையில் இருக்கிறது, எந்தத் தேதிவரை இருக்கும் என்று விசாரிக்கும் வேலை. உங்கள் 12 நாளில் இன்னும் சில கதவுகள் திறந்துதான் இருக்கின்றன, ஆகவே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதைப் படித்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், அந்த டிரைவ் கணக்கு இணைந்திருக்கும் வேறு கருவி ஏதாவது அணைந்தே கிடக்கிறதா என்று யோசிப்பது. பழைய லேப்டாப், அலுவலகக் கணினி, மேசை டிராயரில் கிடக்கும் போன், டேப்லெட் எதுவானாலும் சரி. நீங்கள் அழித்த நாளுக்குப் பிறகு அது இணையத்தைத் தொடவில்லை என்றால், அழித்த செய்தி அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. அவர் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இரண்டு மாதமாக மூடியே கிடந்தது. போனில் சொன்னேன்: முதலில் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள், உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டை அணையுங்கள், அதன் பிறகு மூடியைத் திறங்கள். திறந்தார். ஃபோல்டர் அங்கேயே இருந்தது, ஒவ்வொரு கோப்பின் மீதும் பச்சை டிக். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி, வேறு பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் எல்லாவற்றையும் காப்பி செய்ய வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் போனைக் கீழே வைக்கவே இல்லை. காப்பி முடிந்து, டிஸ்க்கைக் கழற்றிய பிறகு ரவுட்டரை இயக்கச் சொன்னேன். மூன்று நிமிடத்துக்குள் லேப்டாப்பில் இருந்த ஃபோல்டர் அவர் கண் முன்னாலேயே காணாமல் போனது. அந்த மூன்று நிமிடத்தை எதிர்த்துத்தான் இந்தப் பிளக் பிடுங்கும் வேலை. ஒன்று கவனியுங்கள்: மேகப் படம் மட்டும் காட்டும் கோப்பு அந்தக் கருவியில் உண்மையில் இல்லை, பெயர்தான் இருக்கிறது. இணையம் இல்லாமல் அது திறக்காது. போனிலும் அப்படியே, "ஆஃப்லைன்" என்று நீங்கள் குறித்து வைத்தவை மட்டுமே உள்ளே இருக்கும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் திறந்து பாருங்கள்.

நீங்கள் லேப்டாப்பில் மட்டும்தானே அழித்தீர்கள், டிரைவில் ஏன் போனது என்ற வருத்தம் உங்கள் கேள்வி முழுக்கத் தெரிகிறது. உங்கள் மீது தவறில்லை, இந்தச் சேவைகள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் விதம் அப்படி. சிங்க் என்பதும் பேக்அப் என்பதும் வேறு வேறு. சிங்க் செய்வது ஒரே வேலை: இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. சேர்த்தால் அங்கும் சேர்க்கும், அழித்தால் அங்கும் அழிக்கும். அது ஒழுங்காக வேலை செய்ததால்தான் உங்கள் ஃபோல்டர் போனது. பெரிய சேவைகள் விளம்பரப்படுத்தும் உறுதியைக்கூட இப்படித்தான் படிக்க வேண்டும். நிறுவனங்கள் கோப்புகளைச் சேமிக்கும் அமேசானின் எஸ்3 என்ற கிளவுட் சேவை, தன் சேமிப்பு 99.999999999 சதவீதம் நிலைத்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது, ஒன்பது பதினொரு முறை வருகிறது. அது கருவி பழுதாகிக் கோப்பு போவதற்கு எதிரான கணக்கு. உரிமையாளரே அழிக்கச் சொன்னால் அந்தப் பதினொரு ஒன்பதும் குறுக்கே வராது.

இனி மென்பொருள் ஏன் உதவாது என்பது. மீட்பு மென்பொருள்கள் எல்லாம் ஒரே உண்மையை நம்பியிருக்கின்றன: பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால், அட்டவணையில் அதன் பெயர்தான் போகும், உள்ளடக்கம் வேறொன்று மேலே எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். மென்பொருள் வட்டை நேரடியாகப் படித்து அதை எடுத்துவிடும். கூகுளின் வட்டை நீங்கள் நேரடியாகப் படிக்க முடியாது. படித்தாலும் பயனில்லை. அங்கே ஒரு கோப்பு பல துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனிச் சாவியால் குறியாக்கம் செய்யப்பட்டு, பல இயந்திரங்களில் பிரதிகளாகச் சிதறிக் கிடக்கிறது. எந்தத் துண்டு எங்கே, எந்தச் சாவி எதற்கு என்ற வரைபடம் அவர்களிடம் மட்டுமே. "கிளவுடிலிருந்து மீட்போம்" என்று விற்கப்படும் மென்பொருள் உங்கள் கணினியின் வட்டைத் துழாவுகிறது, அல்லது உங்கள் கடவுச்சொல்லை வாங்கி நீங்களே பார்க்கக்கூடிய குப்பைத்தொட்டியைப் பார்க்கிறது. இந்த இரண்டைத் தாண்டி அதனால் எதுவும் செய்ய முடியாது, இதை உறுதியாகவே சொல்கிறேன்.

அப்படியானால் தொட்டியைக் காலி செய்த கணத்திலேயே எல்லாம் அழிந்துவிடுகிறதா? இல்லை. நம்பிக்கைக்கு இடம் இங்கேதான். அழிப்பது பெரிய சேவைகளில் படிப்படியாக நடக்கும் வேலை. முதலில் உங்கள் கண்ணிலிருந்து மறையும். பிறகு செயலில் இருக்கும் அமைப்புகளிலிருந்து நீக்கப்படும். கடைசியில் பேக்அப் பிரதிகள் காலாவதியாகும். கூகுளே தன் தகவல் வைத்திருப்புக் கொள்கையில், முழுமையாக நீக்க அழித்த நாளிலிருந்து பொதுவாக ஏறத்தாழ 2 மாதம் ஆகும் என்றும், தவறுதலாக அழித்தால் மீட்பதற்காக அதில் ஒரு மாதம்வரை பல சமயம் அடங்கும் என்றும், குறியாக்கம் செய்த பேக்அப்களில் 6 மாதம்வரை இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் "இருக்கிறது" என்பதும் "உங்களுக்காக எடுத்துத் தருவார்கள்" என்பதும் ஒன்றல்ல. 2011 பிப்ரவரி இறுதியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனாளிகளில் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்கள் காணாமல் போயின. கணினிகளில் இருந்த பிரதிகளைப் பிழை பாதித்ததால், தனியே வைத்திருந்த காந்த நாடாக்களிலிருந்து கூகுள் அவற்றை மீட்டது. தங்கள் பிழையால் போனதற்கு அவ்வளவு மெனக்கெடுவார்கள். ஒரு தனி ஆள் தானே காலி செய்த தொட்டிக்காக நாடாவை இறக்க மாட்டார்கள். 6 மாதம் என்ற எண்ணை நம்பிக் காத்திருக்க வேண்டாம், முதல் சில வாரங்களை மட்டும் நம்புங்கள்.

கால எல்லைகளை இப்போது சொல்கிறேன், வேறு சேவையில் இதே நிலையில் இருப்பவர்களுக்கும் பயன்படும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள். 2020 அக்டோபர் 13க்கு முன்பு தொட்டியில் போட்டது நீங்களாக எடுக்கும்வரை கிடந்தது, அந்தப் பழக்கத்தில் இன்றும் சிலர் தொட்டியைப் பரண் மாதிரி பயன்படுத்துகிறார்கள். கூகுள் போட்டோஸில் பேக்அப் ஆன படம் 60 நாள், ஆகாதது 30 நாள். ஒன்டிரைவில் சொந்தக் கணக்குக்கு 30 நாள், அலுவலக அல்லது கல்விக் கணக்குக்குப் பொதுவாக 93 நாள். சொந்தக் கணக்கின் ரீசைக்கிள் பின் நிறைந்துவிட்டால் பழையவை 3 நாளிலேயே போகத் தொடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டிராப்பாக்ஸில் இலவசக் கணக்குக்கு 30 நாள், சில தொழில்முறைத் திட்டங்களுக்கு 180 நாள், பெரிய நிறுவனத் திட்டங்களுக்கு ஓர் ஆண்டு. ஐகிளவுட் டிரைவில் 30 நாள். அங்கே போனில் தெரியாத கோப்புகூட, ஐகிளவுட் இணையதளத்தில் உள்ள தரவு மீட்புப் பகுதியில் தென்படுவது உண்டு, பிரவுசரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அலுவலகக் கணக்கு என்றால் கதையே வேறு. நிறுவனங்களுக்கான கூகுள் கணக்கான வொர்க்ஸ்பேஸில், தொட்டியைக் காலி செய்த பிறகும் 25 நாளுக்குள் அட்மின், அதாவது அலுவலகத்தின் கணக்குகளை நிர்வகிப்பவர், மீட்டுத் தர முடியும். ஒவ்வொரு கோப்பாகத் தேர்ந்தெடுக்க முடியாது, தேதி வரம்பு கொடுத்து அந்த இடைவெளியில் போனதை மொத்தமாகக் கொண்டுவர வேண்டும். ஆகவே அட்மினிடம் போகும்போது "சில நாள் முன்பு" என்று சொல்லாமல் சரியான தேதியோடு போங்கள். மைக்ரோசாஃப்டில் உங்கள் தொட்டியை நீங்களே காலி செய்தாலும் இரண்டாம் கட்டத் தொட்டி ஒன்று அட்மின் கண்ணுக்குத் தெரியும், அந்த 93 நாள் இரண்டுக்கும் சேர்த்துத்தான். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அழித்துவிட்டால் கூகுளில் 20 நாள், மைக்ரோசாஃப்ட் 365இல் 30 நாள்வரை கணக்கையே திரும்ப எழுப்பலாம். ஒருமுறை 19ஆம் நாள் மாலை ஒரு துறைத்தலைவர் வந்து, போன மாதம் விலகியவரின் கணக்கில்தான் ஒப்பந்த நகல்கள் எல்லாம் இருந்தன என்றார். மறுநாள் வந்திருந்தால் என்னால் கையைப் பிசைய மட்டுமே முடிந்திருக்கும். இதையெல்லாம் எழுதக் காரணம், அந்த நேர்காணல் ஃபோல்டரை ஏதாவது கட்டத்தில் கல்லூரிக் கணக்கிலோ அலுவலகக் கணக்கிலோ வைத்திருந்தீர்களா என்று நீங்கள் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

உங்களுடையது சொந்தக் கணக்கு, அட்மின் கிடையாது. ஆனாலும் கூகுளின் உதவிப் பக்கத்தில், அண்மையில் நிரந்தரமாக அழித்த டிரைவ் கோப்புகளை மீட்கக் கோரும் வழி இருக்கிறது. அதே கணக்கில் லாகின் செய்த நிலையில் அதைத் தொடங்க வேண்டும். நீங்கள் உருவாக்கிய, நீங்கள் ஏற்றிய, அல்லது உரிமையை நீங்கள் ஏற்றுக்கொண்ட கோப்புகளுக்கு மட்டும் முயற்சி செய்வார்கள். கூடுதல் இடத்துக்காகக் கட்டணம் கட்டும் கூகுள் ஒன் சந்தா இருந்தால் அதன் உதவிப் பிரிவில் ஆளிடமே பேசலாம். இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன்: கேட்க வழி இருப்பது உறுதி, கிடைப்பது உறுதி இல்லை. உடனே கேட்டவர்களுக்கு முழு ஃபோல்டரும் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதே வேகத்தில் கேட்டும் பாதி மட்டும் வந்தவர்களையும், "இயலவில்லை" என்ற ஒரு வரிப் பதில் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். தாமதம் கூடக் கூட வாய்ப்பு குறைகிறது என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன். இன்று இரவே கேளுங்கள். கோருவதற்கு முன் டிரைவில் உள்ள ஆக்டிவிட்டிப் பகுதியைத் திறந்து எந்த நாளில் எது தொட்டிக்குப் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதோடு, திரும்பி வந்தால் உட்கார இடம் வேண்டும். தற்காலிகமாகக் கூடுதல் இடம் வாங்கிக்கொள்ளுங்கள், இந்த நேரத்தில் எதையும் அழித்து இடம் உண்டாக்காதீர்கள்.

இப்போது உங்கள் தோழிக்கு வருகிறேன். டிரைவில் எல்லாமே உரிமையாளரைச் சுற்றித்தான் நடக்கிறது. பகிர்ந்த ஃபோல்டர் உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் அதற்குள் அவர் தன் கணக்கிலிருந்து உருவாக்கிய கோப்பு அவருடையது. உங்கள் ஃபோல்டரை நீங்கள் அழித்தால் அவர் கோப்பு அழியாது, தான் இருந்த இடத்தை மட்டும் இழக்கும். அவருடைய "மை டிரைவ்" பக்கத்தில் கண்ணில் படாமல்கூடப் போகலாம். ஆகவே, தேடல் பெட்டியில் உரிமையாளர் "நான்" என்று வடிகட்டி, எழுத்தாக்கத்தில் நிச்சயம் வந்திருக்கும் ஒரு சொல்லைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். நேர்காணல் கொடுத்தவரின் பெயர் போதும். அவர் எழுத்தாக்கியவை கிடைப்பதற்கு மிக நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒலிப்பதிவுகள் உங்கள் உரிமை என்பதால் பகிர்வு வழியாக அவரிடம் மிஞ்சியிருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: எழுத்தாக்குபவர் யாரும் டிரைவிலேயே ஓடவிட்டுக் கேட்பதில்லை. நிறுத்தி, பின்னால் தள்ளி, வேகத்தைக் குறைத்துக் கேட்க ஒரு மென்பொருள் வேண்டும், அதற்குக் கோப்பை இறக்கிக்கொண்டிருப்பார். அவருடைய டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான் என் முதல் நம்பிக்கை. அவரிடம் பேசும்போது "அழித்துவிட்டாயா?" என்று கேட்காமல், "எதையும் அழிக்காதே, நான் வந்து பார்க்கிறேன்" என்று தொடங்குங்கள். இடம் வேண்டி இந்த வாரம் அவரும் சுத்தம் செய்யக்கூடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பின் பழைய ஃபோல்டர் ஒன்றில் "ஜிடாக்" என்று முடியும் கோப்புகள் உங்களுக்குக் கிடைத்தால் எழுத்தாக்கம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கூகுள் டாக்ஸ் ஆவணத்தின் எழுத்துகள் உங்கள் கணினியில் இருப்பதே இல்லை. அந்தக் கோப்பு டிரைவில் உள்ள ஆவணத்துக்கு வழிகாட்டும் சிறு குறிப்பு மட்டும். ஆவணம் அங்கே அழிந்திருந்தால் குறிப்பைத் திறந்து பயனில்லை. பத்து பென்டிரைவில் அதைக் காப்பி செய்து வைத்துவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நம்பியவரைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒரு கிலோபைட்கூட இல்லை.

ஒலிப்பதிவு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போங்கள். போனில் பதிவு செய்தீர்கள் என்றால் பதிவுச் செயலிக்கே ஒரு தொட்டி உண்டு. ஐபோனின் வாய்ஸ் மெமோஸ் அழித்ததை "ரீசன்ட்லி டெலீட்டட்" பகுதியில் வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். ஆண்ட்ராய்டில் பதிவுச் செயலியையும் கோப்புச் செயலியையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள், இரண்டுக்கும் வேறு வேறு தொட்டி இருக்கலாம். பதிவை யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களா? ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பின் மீடியா ஃபோல்டருக்குள் ஆடியோ, டாக்குமென்ட்ஸ் என்று பிரிவுகள் இருக்கும், அவற்றுக்குள் "சென்ட்" என்றொரு உள்ஃபோல்டர். நீங்கள் அனுப்பியவற்றின் நகல் அதில் தங்கியிருக்கும், உரையாடலில் தெரியாவிட்டாலும்கூடச் சில சமயம் இருக்கும். பெயர் மாறியிருக்கும் என்பதால் தேதியையும் அளவையும் வைத்துத் தேடுங்கள். மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியவை ஜிமெயிலின் "அனுப்பியவை" பகுதியில் இணைப்போடு அப்படியே இருக்கும். ஆனால் 25 எம்.பி.க்கு மேற்பட்டதை ஜிமெயில் டிரைவ் சுட்டியாக மாற்றிவிடும், அது இப்போது எங்கும் போகாத சுட்டி. நேர்காணல் கொடுத்தவர்களுக்கே பிரதி அனுப்பும் வழக்கம் இருந்ததா? அவர்களிடமும் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தங்கள் குரலைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

லேப்டாப்பின் உள் வட்டைக் கடைசியாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாய்ப்பு அங்கே குறைவு. மீட்பு மென்பொருளுக்கு வேலை இருக்கிறது என்றால் இங்கே மட்டும்தான். முதலில் கணினியின் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். டிரைவை "மிரர்" முறையில், அதாவது கோப்புகளின் முழுப் பிரதி கணினியிலும் இருக்கும்படி, வைத்திருந்தால் அழித்தது அங்கே வந்திருக்கலாம், அதையும் காலி செய்யவில்லை என்றால் வேலை முடிந்தது. தானாகப் பேக்அப் எடுக்கும் விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரியோ மேக்கின் டைம் மெஷினோ எப்போதாவது இயக்கியிருந்தீர்களா என்றும் பாருங்கள். இவை எதுவும் இல்லை என்றால், உள்ளே இருப்பது எந்த வகை வட்டு என்பதே தீர்ப்பு. சுழலும் வட்டு என்றால் லேப்டாப்பை இந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். பிரவுசர் திறந்திருந்தாலே ஏதோ ஒன்று வட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவி பெயருக்கு மாறாக ஒலிக்கோப்புகளையும் கண்டெடுக்கும், பெயர்கள் மட்டும் வராது. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வகை என்றால் நம்பிக்கை மிகக் குறைவு. "ட்ரிம்" என்ற ஏற்பாட்டின் வழியாக, அழித்த இடம் இனி வேண்டாம் என்று இயங்குதளமே வட்டுக்குச் சொல்லிவிடும், வட்டு தன் ஓய்வு நேரத்தில் அதை உள்ளபடியே துடைத்துவிடும். 12 நாள் அதற்கு மிகத் தாராளம். இப்போது விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி.தான், எனவே இதற்காகப் பணம் செலவழிக்கும் முன் வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், தனக்குக் கூகுள் உள்ளே ஆள் தெரியும், கட்டணம் கொடுத்தால் எடுத்துத் தருவேன் என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். கடவுச்சொல், ஓ.டி.பி., அல்லது உங்கள் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் அனுமதி, இவற்றில் எதைக் கேட்டாலும் அது மோசடி. கோப்பு போன துக்கத்தில் இருப்பவரிடம் கணக்கையும் சேர்த்துப் பறிப்பதுதான் அவர்கள் தொழில். கணக்கு போனால் கூகுளிடம் கோரிக்கை வைக்கும் ஒரே வழியும் போய்விடும்.

இன்னொரு சாத்தியத்தையும் விட்டுவிடக் கூடாது: அழியாமலே காணாமல் போவது. 2023 நவம்பரில் கணினிக்கான டிரைவ் செயலியின் 84ஆம் பதிப்பில் ஒரு பிழையால், மேலே ஏறாமல் கணினியிலேயே நின்றிருந்த கோப்புகள் சிலருக்குக் காணாமல் போயின. கணக்கைத் துண்டிக்க வேண்டாம், செயலியின் தரவு ஃபோல்டரைத் தொட வேண்டாம் என்று கூகுள் அப்போது கேட்டுக்கொண்டது, பிறகு மீட்கும் வசதியோடு புதுப் பதிப்பை வெளியிட்டது. பதற்றத்தில் செயலியை நீக்கி மறுபடி நிறுவியவர்கள்தான் தங்கள் வாய்ப்பைக் குறைத்துக்கொண்டார்கள். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: லேப்டாப்பில் டிரைவ் செயலியின் சிங்க்கை நிறுத்தி வையுங்கள், ஆனால் செயலியை நீக்காதீர்கள், கணக்கைத் துண்டிக்காதீர்கள். சில பதிவுகள் கடைசிவரை மேலே ஏறாமல் அதன் உள் ஃபோல்டரில் நின்றிருக்கலாம்.

எங்கிருந்தாவது பதிவுகள் கிடைத்தால், பெயரையும் அளவையும் மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாமல் ஒவ்வொன்றையும் திறந்து தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஓடவிட்டுக் கேளுங்கள். போனில் எடுத்த எம்4ஏ வகைப் பதிவில், எந்த விநாடியின் ஒலி கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். கோப்பின் வால் அறுந்திருந்தால் ஒரு மணி நேரப் பதிவும் "திறக்க இயலவில்லை" என்றே சொல்லும், உள்ளே ஒலி முழுக்க இருந்தாலும். அதே போனில், அதே செயலியில் எடுத்த நல்ல பதிவு ஒன்று பக்கத்தில் இருந்தால், அதை மாதிரியாக வைத்து அட்டவணையைத் திரும்பக் கட்டும் கருவிகள் உண்டு. அன்ட்ரங்க் அவற்றில் ஒன்று, இலவசம். ஆகவே திறக்க மறுக்கும் கோப்பு எதையும் அழிக்காதீர்கள். தனி ஃபோல்டர் ஒன்றில் போட்டு, அதோடு அந்தப் போனில் எடுத்த ஏதாவது ஒரு நல்ல பதிவையும் சேர்த்து வையுங்கள். எந்தப் போன், எந்தச் செயலி, எத்தனை கோப்பு திறக்கவில்லை என்று இங்கேயே எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.